நாலு பேர் மேசையில் எந்த டெக் ஜெயிக்கும்?

"எந்த டெக் கட்டினா ஜெயிக்கலாம்?"னு கேக்கறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கறது ஒரே ஒரு கேள்விதான். எத்தனை பேர் உக்காரப் போறீங்க? ரெண்டு பேர்னா பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, முப்பது வருஷத்துக்கு மேல அதைத்தான் அலசிக் காயப்போட்டிருக்காங்க. நாலு பேர்னா அந்த அறிவுரையில பாதி செல்லாது. மீதிப் பாதி உங்களை முதல் ஆளா மேசையை விட்டு எழுப்பிடும்.

மேஜிக்: த கேதரிங் ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம். 1993-ல ரிச்சர்ட் கார்ஃபீல்டுங்கற கணிதக்காரர் உருவாக்கின ஆட்டம், வெளியிட்டது விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட். ரம்மி மாதிரி எல்லாருக்கும் பொதுவா ஒரு கட்டு கிடையாது. அவங்கவங்க கட்டை அவங்கவங்களே யோசிச்சு, பொறுக்கி, தயார் பண்ணிட்டு வரணும். அந்தக் கட்டுக்குப் பேர்தான் டெக். லேண்ட் கார்டை இறக்கி மனா எடுக்கணும், மனாவைச் செலவழிச்சு கிரீச்சரையோ மந்திரத்தையோ இறக்கணும், எதிராளியோட லைஃபை 20-லேர்ந்து 0-க்குக் கொண்டு வரணும். வழக்கமான ஆட்டத்துல டெக்குக்குக் குறைஞ்சது 60 கார்டு. சாதா லேண்டைத் தவிர எந்தக் கார்டும் 4-க்கு மேல வெச்சுக்கக் கூடாது.

நாலு பேர் ஆட்டம்னா இப்ப பெரும்பாலும் கமாண்டர்தான். 100 கார்டு, அதுல ஒருத்தர் தலைவர், சாதா லேண்டைத் தவிர எந்தக் கார்டும் ரெண்டு தடவை வரக் கூடாது, ஆளுக்கு 40 லைஃப். ஒரே தலைவர் கையால மொத்தம் 21 அடி வாங்கினாலும் ஆட்டம் காலி. இது கம்பெனி கண்டுபிடிச்சது இல்லை. எல்டர் டிராகன் ஹைலேண்டர்னு பேர் வெச்சு அலாஸ்காவுல ஆட்டக்காரங்களே ஆரம்பிச்சது, அப்புறம் ஷெல்டன் மெனரி ஊர் ஊரா பரப்பினது. கம்பெனி இதுக்குன்னு ரெடிமேட் டெக் போட ஆரம்பிச்சது 2011-லதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

லைட்னிங் போல்ட்னு ஒரு கார்டு. ஒரே ஒரு சிவப்பு மனா, 3 அடி. மேஜிக் வரலாற்றுலயே பேர் வாங்கின கார்டுகள்ல ஒண்ணு. ரெண்டு பேர் ஆட்டத்துல எதிராளிக்கு 20 லைஃப், அதுல 3 போச்சுன்னா 15 சதவீதம். ஒரு மனாவுக்கு இது கொள்ளை லாபம். இதே கார்டை கமாண்டர் மேசையில போடுங்க. எதிர்ல மூணு பேர், ஆளுக்கு 40, மொத்தம் 120. உங்க போல்ட் தொட்டது 2.5 சதவீதம். கார்டுல ஒரு எழுத்து கூட மாறலை, நாற்காலி எண்ணிக்கைதான் மாறியிருக்கு.

அதை விட மோசமான சங்கதி ஒண்ணு இருக்கு. நீங்க ஒரு கார்டைச் செலவழிச்சு எதிராளியோட ஒரு கார்டை அழிச்சா, ரெண்டு பேர் ஆட்டத்துல கணக்கு நேர். நாலு பேர் ஆட்டத்துல உங்களுக்கு ஒண்ணு போச்சு, அவனுக்கு ஒண்ணு போச்சு, மத்த ரெண்டு பேரும் சும்மா உக்காந்துக்கிட்டே ஒரு கார்டு முன்னாடி போயிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டதுக்கு அவங்களுக்குச் சம்பளம். அதனாலதான் "ஒண்ணுக்கு ஒண்ணு" கார்டுகளை மட்டுமே நம்பி கட்டின டெக் நாலு பேர் மேசையில எப்பவும் மூச்சு வாங்கும்.

அப்ப வேண்டியது, ஒரு தடவை போட்டா மூணு பேரையும் தொடற கார்டு. ராத் ஆஃப் காட் 4 மனா, மேசையில இருக்கற எல்லா கிரீச்சரும் சாம்பல். சைஃபன் மைண்டும் 4 மனா. மத்தவங்க ஒவ்வொருத்தரும் கையிலேர்ந்து ஒரு கார்டைக் கீழ போடணும், அப்படி விழுந்த ஒவ்வொரு கார்டுக்கும் நீங்க ஒண்ணு எடுத்துக்கலாம். ரெண்டு பேர் ஆட்டத்துல இதை யாரும் சீந்த மாட்டாங்க. நாலு பேர்ல ஒரு கார்டைப் போட்டு மூணு எடுக்கறீங்க, எதிர்ல மூணு குறையுது.

இதுவரைக்கும் சொன்னது வெறும் கூட்டல் கழித்தல். இதைப் படிச்சுட்டு, மூணு பேரையும் ஒரே சமயத்துல போட்டுத் தாக்கற பலமான டெக்கைக் கட்டிட்டா ஜெயம்தானேன்னு தோணும். அங்கதான் சிக்கலே.

மூணு பேர் துப்பாக்கிச் சண்டைன்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. முதலாமவன் சுட்டா மூணுல ஒரு தடவை படும். ரெண்டாமவனுக்கு மூணுல ரெண்டு. மூணாமவன் குறி தப்பவே தப்பாது. இதே வரிசையில சுத்திச் சுத்திச் சுடணும், ஒருத்தன் மிஞ்சற வரைக்கும். முதலாமவன் யாரைச் சுடணும்? விடை: யாரையும் இல்லை, வானத்தைப் பாத்துச் சுடணும்! அவன் தப்பித் தவறி ஒருத்தனைக் கொன்னுட்டா, மிச்சமிருக்கறவன் அடுத்து சுடப் போறது இவனைத்தான். வானத்துல சுட்டுட்டா, ரெண்டாமவன் தன் உயிருக்குப் பயந்து மூணாமவனைத்தான் சுட்டாகணும். அவன் தப்பினா மூணாமவன் ரெண்டாமவனை முடிச்சுடுவான். எப்படிப் பாத்தாலும் அடுத்த குண்டு நம்ம ஆளோடது. கணக்குப் போட்டுப் பாத்தா நோஞ்சான் பிழைக்கற வாய்ப்பு 63-ல 25, அதாவது கிட்டத்தட்ட 40 சதவீதம். ரெண்டாமவனுக்கு 24, அது 38 சதவீதம். குறி தப்பாத சூரனுக்கு 14, வெறும் 22 சதவீதம். பேப்பர் பேனா எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க, அரைப் பக்கம் கூட ஆகாது.

இதைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது எங்க செட்டுல இருக்கற ஒருத்தன். கார்டெல்லாம் காசு குடுத்து வாங்கற நிலைமை எங்களுக்குக் கிடையாது. கலர் பிரிண்ட் எடுத்து, பழைய சீட்டுக்கட்டு மேல வெச்சு, பிளாஸ்டிக் உறையில செருகி ஆடறோம். வீட்டு ஆட்டத்துல இதை யாரும் தப்பா எடுத்துக்கறதில்லை. இதுல ஒரு வசதி, "அவன்கிட்ட பணம் இருக்கு, அதான் ஜெயிக்கறான்"னு யாரும் புலம்ப முடியாது. 100 டாலர் கார்டுக்கும் 10 சென்ட் கார்டுக்கும் பிரிண்ட் செலவு ஒண்ணுதான். நம்மாளு இதைச் சரியாப் பயன்படுத்திக்கிட்டான். உக்காந்து ஆராய்ச்சி பண்ணி, எங்க நாலு பேர்லயும் சந்தேகமே இல்லாம பலமான டெக்கைக் கட்டினான். முதல் டர்ன்லயே சோல் ரிங், அதாவது ஒரு மனா போட்டா ஒவ்வொரு டர்னும் ரெண்டு மனா தர்ற கார்டு. மூணாவது டர்ன்ல தலைவர் மேசையில.

எட்டு ஆட்டம் ஆடினோம். எட்டும் தோத்தான்.

எட்டு தொடர் தோல்வி மட்டும்னா நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். நாலு பேர் மேசையில சராசரி ஆளுக்கு நாலுல ஒரு ஆட்டம்தான் கிடைக்கும். வெறும் அதிர்ஷ்டத்தாலயே எட்டும் தோக்கறதுக்கு 10 சதவீத வாய்ப்பு இருக்கு. (நாலுல மூணு தோத்துட்டு "என் டெக் சரியில்லை"னு கலைச்சுப் போடறவங்க இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.) ஆனா அந்த எட்டுல ஆறு தடவை அவன்தான் முதல்ல செத்தான். அது தற்செயலா நடக்கற வாய்ப்பு அரை சதவீதத்துக்கும் கீழ. காரணம் ரகசியமும் இல்லை. முதல் டர்ன்ல சோல் ரிங் விழுந்த உடனே மூணு ஜோடிக் கண்ணும் அவன் பக்கம் திரும்பிடும். என் கண்ணும்தான். அவனை விட்டா ரெண்டு டர்ன்ல எங்களை முடிச்சுடுவான்னு தெரியும்போது வேற யாரை அடிக்கறது? நாங்க மூணு பேரும் ஒரு வார்த்தை பேசி வெச்சுக்கலை. பேச வேண்டிய அவசியமே வரலை.

இதுல ஆட்டத்தைத் தாண்டி ஒரு கஷ்டம் இருக்கு. ரெண்டு பேர் ஆட்டத்துல தோத்தா உடனே சீட்டைக் கலைச்சு அடுத்த ஆட்டம். நாலு பேர்ல முதல்ல செத்தவன் மீதி மூணு பேர் முடிக்கற வரைக்கும் சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கணும், சில சமயம் ஒரு மணி நேரம். ஆறு தடவை அப்படி உக்கார வெச்சா யாருக்குத்தான் வலிக்காது? எட்டாவது ஆட்டம் முடிஞ்சதும் "நீங்க மூணு பேரே ஆடிக்கோங்கடா"ன்னு சொல்லிட்டுப் போனவன் ரெண்டு வாரம் வரலை. மூணு பேர் ஆட்டம் இன்னும் கொடுமை. ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தனை மொத்தறது அப்பட்டமாத் தெரியும். எங்க வெள்ளிக்கிழமை அத்தோட முடிஞ்சுதுன்னே நினைச்சேன்.

அந்த ரெண்டு வாரத்துல நான் யோசிச்சு முடிவுக்கு வந்தது இதுதான். நாலு பேர் மேசையில மனாவை விட, கார்டை விட, முக்கியமான சரக்கு மத்தவங்க கவனம். டெக் கட்டும்போது "இது எவ்வளவு அடிக்கும்"னு கேக்கறதுக்கு முன்னாடி "இது யாரை என் பக்கம் திருப்பும்"னு கேக்கணும்.

இது என் கண்டுபிடிப்புன்னு மார் தட்டிக்க முடியாது. ஆண்டனி அலோங்கின்னு ஒரு எழுத்தாளர் 2000-களோட தொடக்கத்துலயே கும்பல் ஆட்டத்துக்கான கார்டுகளை விலங்குகளாப் பிரிச்சு எழுதியிருக்கார். ராட்டில்ஸ்நேக், அதாவது வாலை ஆட்டிச் சத்தம் போட்டு "கிட்ட வராதே"ன்னு எச்சரிக்கிற பாம்பு. எதிராளிங்க எண்ணிக்கை கூடக் கூடப் பலன் கூடறது புறா. வலைக்குள்ள பதுங்கி இருக்கறது சிலந்தி. எல்லாருக்கும் தீனி போடறது பிளாங்க்டன். இன்னும் கொரில்லா, கரப்பான்பூச்சியெல்லாம் உண்டு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது பாம்பும் சிலந்தியும்.

பாம்புக்கு நல்ல உதாரணம் ப்ரொபகண்டா. 3 மனா. மேசையில வெச்சுட்டா உங்களைத் தாக்க வர்ற ஒவ்வொரு கிரீச்சருக்கும் 2 மனா கட்டணம் கட்டணும். கட்டவே முடியாத கட்டணம் ஒண்ணும் இல்லை, சுங்கச்சாவடி மாதிரிதான். ஆனா பக்கத்து ஆளை இலவசமா அடிக்கலாம்னா யாரு காசு குடுத்து உங்ககிட்ட வருவா? ரெண்டு பேர் ஆட்டத்துல வேற வழி இல்லாம கட்டிட்டு வருவான். நாலு பேர்ல அந்தக் கோபமெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிடும். நோ மெர்சியும் இதே ஜாதி. உங்களை எந்த கிரீச்சர் அடிச்சாலும் அது செத்துடும்.

சிலந்திக்கு ஃபாக். ஒரே ஒரு பச்சை மனா, இந்த டர்ன்ல நடக்கற சண்டையில யாருக்கும் அடி படாது, அவ்வளவுதான். ரெண்டு பேர் ஆட்டத்துல இதை டெக்குல வெச்சிருந்தா சிரிப்பாங்க. நாலு பேர்ல நடக்கறது வேற. ஒருத்தன் இருக்கற கிரீச்சர் மொத்தத்தையும் உங்க மேல ஏவறான். நீங்க ஃபாக் போடறீங்க. இப்ப அவன் கிரீச்சரெல்லாம் சாஞ்சு கிடக்கு, அவனோட அடுத்த டர்ன் வரைக்கும் தடுக்க ஆள் இல்லை. அதுக்குள்ள மூணு பேரோட டர்ன் வந்து போயிடும். ஒரு மனாவுல தப்பிச்சது மட்டும் இல்லாம, மூணு சுத்தியல் ஒரே மண்டைக்கு. இந்த விளையாட்டுலயே எனக்கு இதைவிடச் சந்தோஷம் தர்ற காட்சி கிடையாது :-)

பிளாங்க்டன் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஹவ்லிங் மைன் வெச்சா எல்லாரும் ஒவ்வொரு டர்னும் ஒரு கார்டு கூடுதலா எடுக்கலாம். நல்ல பேர் கிடைக்கும், ஒத்துக்கறேன். ஆனா நீங்க 1 எடுக்கறதுக்குள்ள எதிர்ல மொத்தம் 3 போகுது, அதுவும் உங்களுக்கு முன்னாடி அவங்களுக்குப் போகுது. ஊருக்குச் சோறு போட்டு நல்லவன்னு பேர் வாங்கறது வேற, ஜெயிக்கறது வேற.

இன்னொரு கார்டைப் பத்தி மேசையில தினம் சண்டை. ரிஸ்டிக் ஸ்டடி, 3 மனா. மத்தவங்க எந்த மந்திரம் போட்டாலும் அவங்க 1 மனா கூடுதலாக் கட்டலைன்னா நீங்க ஒரு கார்டு எடுக்கலாம். மூணு எதிராளிங்கறதால இது கார்டை அருவி மாதிரிக் கொட்டும். ஆனா ஒவ்வொரு தடவையும் "ஒண்ணு கட்டறியா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். கடன் வசூல் பண்ற ஆளை யாருக்குப் பிடிக்கும்? பலமான கார்டுங்கறதுல சந்தேகமே இல்லை, ஆனா அது உங்களை எல்லாருக்கும் நினைவு படுத்திக்கிட்டே இருக்கும். நான் வெச்சுக்கறதில்லை.

இங்க ஒரு எதிர்வாதம் வரும், நியாயமானதும் கூட. "கவனம், பாம்பு, சிலந்தியெல்லாம் எதுக்கு? ஒரே டர்ன்ல மூணு பேரையும் முடிக்கற காம்போ வெச்சுக்கிட்டா போச்சு." உண்மைதான். தாசாஸ் ஆரக்கிள், டிமோனிக் கன்சல்டேஷன், ரெண்டு கார்டு, மொத்தம் 3 மனா. முதல் கார்டோட விளைவு நிறைவேறறதுக்குள்ள ரெண்டாவதைப் போட்டு, டெக்குலயே இல்லாத ஒரு கார்டோட பேரைச் சொன்னா உங்க கட்டு முழுசும் காலியாகும். கட்டு காலியா இருந்தா ஆரக்கிள் "நீதான் ஜெயிச்சே"ன்னு சொல்லிடும். 40 லைஃப் ஆனாலும் 400 லைஃப் ஆனாலும் கவலை இல்லை. ஜெயிக்கறது ஒண்ணே குறின்னு உக்கார்ற போட்டி மேசைகள்ல இந்த மாதிரி டெக்தான் கோலோச்சும். அங்க நாலு பேர்கிட்டயும் அதே வேகம் இருக்கறதால யாரும் தனியா உறுத்த மாட்டாங்க. ஒரே ஒருத்தன்கிட்ட மட்டும் இது இருந்தா அவன் நிலைமை நான் மேல சொன்ன நம்மாளு நிலைமைதான், இல்லைன்னா மத்த மூணு பேரும் அடுத்த வாரம் வர மாட்டாங்க.

பலம் ஒத்துப்போகாத டெக்குகள் ஒரே மேசைக்கு வர்றது எங்க செட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. 2024 செப்டம்பர்ல மனா கிரிப்ட், ஜூவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட் மாதிரி அதிவேகக் கார்டுகளைக் கமாண்டர் விதிக்குழு தடை பண்ணினப்போ, குழுவுல இருந்தவங்களுக்கு மிரட்டல் வர்ற அளவுக்குப் போச்சு. அந்த மாசம் முடியறதுக்குள்ள நிர்வாகத்தையே விசார்ட்ஸ் கையில குடுத்துட்டாங்க. 2025-ல அவங்க டெக்குகளை 5 படியாப் பிரிச்சு, "எந்தப் படி ஆடறோம்?"னு உக்கார்றதுக்கு முன்னாடியே பேசிக்கச் சொன்னாங்க. ஆட்டத்தையே திருப்பிப் போடற கார்டுகள்னு ஒரு பட்டியலும் வந்துது. ரிஸ்டிக் ஸ்டடி, தாசாஸ் ஆரக்கிள் ரெண்டும் அதுல இருந்துது.

இனி கட்டற வேலை. 100 கார்டுல ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான்கறதால "அந்த ஒரு கார்டு வந்தா ஜெயிப்பேன்"னு கட்டினா வம்பு. குறிப்பிட்ட ஒரு கார்டு முதல் 7-ல வர்ற வாய்ப்பு 7 சதவீதம்தான். அதே வேலையைச் செய்யற கார்டு 10 வெச்சுக்கிட்டா, முதல் கையில ஒண்ணாவது இருக்கற வாய்ப்பு 54 சதவீதம். அதனால நான் பேரைப் பாக்கறதில்லை, வேலையைப் பாக்கறேன். லேண்ட் 37, மனா கூட்டற கார்டு 10, கார்டு எடுக்கற கார்டு 10, பாம்பு ஏழெட்டு, மேசையைத் துடைக்கற கார்டு 4. துடைக்கற கார்டை அஞ்சாறுக்கு மேல கொண்டு போகாதீங்க. ஆட்டம் நாலு மணி நேரம் இழுக்கும், அப்புறம் உங்களை விளையாடக் கூப்பிட மாட்டாங்க.

பதுங்கிக்கிட்டே இருந்தா மட்டும் போதாதுங்கறதையும் சொல்லணும். துப்பாக்கிக் கணக்குல நோஞ்சானுக்கு 40 சதவீதம் வந்ததே, கடைசியில அவன் கையில ஒரு துப்பாக்கி இருந்ததாலதான். வெறும் ப்ரொபகண்டாவா அடுக்கி வெச்சா ரெண்டாவதா வருவீங்க, ரெண்டாவது இடத்துக்கு இங்க ஒண்ணும் கிடையாது. கையில மறைச்சு வெச்சுக்கற மாதிரி ஒரு முடிக்கற கார்டு வேணும். என் தேர்வு எக்ஸாங்குவினேட். ரெண்டு கறுப்பு மனாவோட எவ்வளவு மனா சேர்த்துப் போடறீங்களோ, எதிராளிங்க ஒவ்வொருத்தரும் அவ்வளவு லைஃப் இழப்பாங்க, இழந்தது மொத்தமும் உங்களுக்கு. 12 மனா இருந்தா மூணு பேருக்கும் 10 போகும், உங்களுக்கு 30 ஏறும். கையில இருக்கற வரைக்கும் யார் கண்ணையும் உறுத்தாது. மத்த மூணு பேரும் அடிச்சுக்கிட்டு பத்துக்குக் கீழ இறங்கற நேரம் பாத்து இறக்கணும்.

நம்மாளு மூணாவது வாரம் வந்தான். பழைய டெக் இல்லை. வெள்ளையும் கறுப்பும் கலந்து, பாம்புக் கார்டா வெச்சு, முதல் அஞ்சு டர்ன் லேண்ட் வெச்சுட்டு "பாஸ்" "பாஸ்"னு சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தான். பாவமா இருந்துது. அடுத்த பத்து ஆட்டத்துல நாலு ஜெயிச்சான், அதுல ரெண்டு எக்ஸாங்குவினேட்டால.

இப்ப எங்களுக்குப் புதுத் தலைவலி. அவன் சும்மா உக்காந்திருந்தாலே மூணு பேரும் அவனைத்தான் அடிக்கறோம். ஒரே நாலு பேர் வாரா வாரம் ஆடினா, போன வார ஆட்டமும் சேர்ந்துதான் மேசைக்கு வருது. இந்த வெள்ளிக்கிழமை அவன் ரெண்டு டெக் எடுத்துட்டு வரப் போறானாம், ஒரே நிற உறையில. எதை ஆடப் போறான்னு உக்கார்ற வரைக்கும் சொல்ல மாட்டானாம்.